டீசல் பேரல், கேஸ் சிலிண்டர், கீற்றுக் கொட்டகை: ராமநாதபுரம் கடற்கரையில் தீ விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் படகு வைத்திருப்பவர்கள், டீக்கடை, லாட்ஜ், ஐஸ் பிளாண்ட், இறால் பண்ணை, ஃபைபர் பட்டறை நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றைச் சுருக்க மனம் வரவில்லை, நீளமாகவே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுடையது சின்ன ஓலைக் கொட்டகை. எங்களுக்கெல்லாம் எதற்குத் தீ விதி?

ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். நம் மாவட்டத்தில், நம் கடற்கரையில் நடந்தது இது. மூன்று வருடம் கழித்து 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் பெட்ரோல் கிடையாது, ரசாயனம் கிடையாது. கூரை ஓலை, வெளியே ஓட வழியில்லை, அவ்வளவுதான்.

அதனால் சின்ன இடம் என்று தள்ளிவிடாதீர்கள். காய்ந்த பனையோலையும் தென்னங்கீற்றும் பற்றிக்கொண்டால், ஆடி மாதக் காற்றில் அடுத்த கொட்டகைக்குப் போக நிமிடக்கணக்கு கூட ஆகாது. இந்தப் பக்கத்தில் எத்தனை சட்டப் பெயர், எத்தனை எண் வந்தாலும், அவை கேட்பது இரண்டே விஷயம்தான்: எரியக்கூடிய பொருளையும் நெருப்பையும் பிரித்து வை, உள்ளே இருக்கிற மனுசன் வெளியே வர வழியை விட்டுவை.

எந்த அனுமதிக்கு எந்த ஆபீஸுக்குப் போவது?

இதில்தான் பாதிப் பேர் அலைகிறார்கள். கடை, பட்டறை, லாட்ஜ் நடத்தத் தொழில் உரிமம் உங்கள் உள்ளாட்சியில். ராமேஸ்வரம், கீழக்கரை என்றால் நகராட்சி, மண்டபம், தொண்டி என்றால் பேரூராட்சி, கிராமங்களுக்கு ஊராட்சி. தீ அபாயம் உள்ள தொழிலுக்கும் பொருள் சேமிப்புக்கும் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் 1985-இன் கீழ் தீயணைப்பு உரிமம் வேண்டும், அதற்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பெட்ரோலியம், கேஸ் சிலிண்டர் இரண்டும் வரம்பைத் தாண்டினால் பெசோ என்கிற பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அது மத்திய அரசுடையது, தலைமையகம் நாக்பூர். ஆலை என்ற கணக்கில் வரும் ஐஸ் பிளாண்டுக்கும் மீன் பதப்படுத்தும் இடத்துக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஒன்று வாங்கிவிட்டால் மற்றது தேவையில்லை என்று நினைக்கக் கூடாது. தொழில் உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், தீயணைப்பு உரிமம் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். உரிமத்திலேயே காலாவதித் தேதி இருக்கும், அதற்கு முன்னாலேயே புதுப்பிக்க மனுப் போட்டுவிடுங்கள்.

அண்ணே, படகுக்கு டீசல் எவ்வளவு கரையில் வைக்கலாம்? லைசென்ஸ் வேணுமா?

பெட்ரோலியம் சட்டம் 1934, பெட்ரோலியம் விதிகள் 2002, இவை எண்ணெயை அது எத்தனை டிகிரியில் பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்குகிறது என்பதை வைத்து வகுப்புப் பிரிக்கின்றன. 23 டிகிரிக்குக் கீழே என்றால் ஏ வகுப்பு, பெட்ரோல் அதில் வரும். 23-லிருந்து 65-க்குள் பி வகுப்பு, டீசலும் மண்ணெண்ணெயும் அதில்.

டீசல், மண்ணெண்ணெய் ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமல், எந்த ஒரு கலமும் 1,000 லிட்டருக்கு மேல் இல்லாமல் இருந்தால் பெசோ உரிமம் தேவையில்லை. 200 லிட்டர் பேரல் என்றால் பன்னிரண்டு வரை சரி, பதிமூன்றாவது பேரல் வந்தால் வரம்பு தாண்டிவிட்டது. மானிய டீசல் என்பதால் இதில் சலுகை எதுவும் கிடையாது. ஐந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரே கொட்டகையில் இறக்கி வைத்து, ஆளுக்கு அறுநூறு அறுநூறு லிட்டர்தானே என்று கணக்குச் சொல்கிறார்கள். சேர்த்து வைப்பதென்றால் கொட்டகையின் மொத்தமே 2,500-க்குள் இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து, பற்றினால் மொத்தமும்தான் பற்றும்.

பெட்ரோல் கதை வேறு. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைக்கலாம். அதையும் மூடி இறுகிய உலோகக் கலத்தில், ஒரு கலம் 25 லிட்டருக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டில் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ரோட்டோரத்தில் பாட்டிலில் ஊற்றித் தொங்கவிட்டு விற்பது, ஒரே ஒரு லிட்டராக இருந்தாலும், உரிமமில்லாத விற்பனைதான்.

டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்று தைரியமாகப் பேசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் விற்கிற டீசலுக்கு அந்த ஆவி விடும் வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி என்றுதான் தரம் வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள், 35 எல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும்.

வைக்கும் விதம்: குடியிருக்கும் வீட்டிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக, பேரலைச் சுற்றி ஒழுகினால் தேங்கும்படி மண் வரப்பு கட்டி, பக்கத்தில் சுவிட்ச் போர்டு, அடுப்பு, சாம்பிராணி எதுவும் இல்லாமல். கேனில் பிடிக்கும்போது கேனைத் தரையில் இறக்கி வைத்துப் பிடியுங்கள், வண்டி மேலேயே வைத்துப் பிடித்தால் நிலை மின்சாரப் பொறி தட்டும், பெட்ரோலுக்கு இது ரொம்ப முக்கியம்.

தடைக்காலத்தில் படகில் வெல்டிங் வைக்கிறோம். என்ன பார்க்கணும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் வருடத்து வேலையெல்லாம் நடக்கிறது. ஒரு படகில் வெல்டிங், பக்கத்துப் படகில் பெயின்ட், அதற்கடுத்ததில் ஃபைபர் ஒட்டுவது, மூன்றுக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. வெல்டிங் பொறி அந்தத் தூரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெயின்டும் தின்னரும் திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்துப் படகில் வெல்டிங் வேண்டாம், இரண்டு ஓனரும் பேசி நேரம் மாற்றிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ரூம் அடியில் எண்ணெய் கலந்த தண்ணீர் தேங்கியிருக்கும், அதை இறைத்துத் துடைத்த பிறகுதான் வெல்டரை இறக்க வேண்டும். மீன் வைக்கும் அறையின் சுவருக்குள் தெர்மோகோலோ ஃபோமோ அடைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் தகட்டைச் சூடாக்கினால் அந்தப் பக்கம் அது உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும், வெளியே தெரியாது. வேலை முடிந்தவுடன் சாப்பிடப் போய்விடாமல், ஒருவர் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருந்து தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பவுடர் தீயணைப்பானும் கை எட்டும் தூரத்தில்.

காலிப் பேரலை வெட்டித் தொட்டி செய்வது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நிறைந்த பேரலைவிடக் காலிப் பேரல்தான் வெடிக்கும், ஏனென்றால் உள்ளே எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. கட்டிங் டார்ச்சையோ கிரைண்டரையோ அதில் வைக்காதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் வால்விலோ ரெகுலேட்டரிலோ கிரீஸ், எண்ணெய்க் கை பட விடாதீர்கள், அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றும்.

ஃபைபர் பட்டறையில் எது ஆபத்து?

எல்லாமே. அதிலும் ஒன்று உயிர்போகும் ஆபத்து. ஃபைபரை ஒட்டி இறுக வைக்கும் ரெசின் என்கிற பிசினோடு கலக்க இரண்டு பொருள் வரும், ஒன்று கேட்டலிஸ்ட், தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். இன்னொன்று ஆக்சிலரேட்டர், கோபால்ட் கலந்தது, ஊதா நிறம். இந்த இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலந்தால் பொங்கி, பற்றி, வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி, அதற்கப்புறம்தான் தனியாகக் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளை கூடாது, ஒரே அலமாரி கூடாது, ஒன்றைத் துடைத்த துணியால் மற்றதைத் துடைக்கக் கூடாது. புதுப் பையன் வேலைக்கு வந்தால் முதல் நாள் முதல் வேலையாக இதைச் சொல்லிக்கொடுங்கள்.

கலந்த ரெசின் மிச்சமானால் வாளியிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. மெல்லிசாகத் தடவியிருந்தால் சூடு காற்றில் போய்விடும், வாளியில் கனமாகக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். முதலில் வாளியின் பக்கம் இளகும், நடுவில் கீறல் விடும், வெள்ளைப் புகை வரும், சில நேரம் பற்றியே விடும். மிச்சத்தை அகலமான தகரத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, வெளியே மணலில் வைத்து இறுக விடுங்கள். கேட்டலிஸ்ட் பட்ட துணியைக் குப்பைக் கூடையில் திணிக்காமல் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

ரெசின் வாசனை என்று நாம் சொல்வது ஸ்டைரீன் ஆவி. அது காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பக்கத்து அடுப்பு வரை போகும். அசிட்டோன் அதைவிட மோசம், எந்தக் குளிரிலும் பற்றும். பட்டறைக்குள் பீடி கூடவே கூடாது, டேபிள் ஃபேனின் தீப்பொறி கூட ஆபத்துதான். கேட்டலிஸ்டைக் குளிர்ந்த, நிழலான இடத்தில், அது வந்த பிளாஸ்டிக் கேனிலேயே வைக்க வேண்டும், இரும்பு டப்பாவுக்கு மாற்றக் கூடாது.

தனுஷ்கோடி ரோட்டில் டீக்கடை. வீட்டு சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாமா தம்பி?

கூடாது அக்கா. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு மட்டும், கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். பிடித்தால் சிலிண்டரையே எடுத்துக்கொண்டு போவார்கள், விபத்து நடந்தால் காப்பீடு கேட்கவும் வாய் இருக்காது. 100 கிலோ கேஸ் வரை தனி உரிமம் இல்லாமல் வைக்கலாம் என்பது விதி, 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ, ஆறாவது வந்தால் தாண்டிவிட்டது. ஓலைக் கடைக்குள் ஐந்து வைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எரிகிறது ஒன்று போதும், மாற்றுக்கு ஒன்று வேண்டுமென்றால் கடைக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி.

அடுப்பை ஓலைத் தட்டியை ஒட்டிப் போடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சுவாலை சாயும் என்று வைத்துக்கொண்டு, அடுப்பின் மூன்று பக்கமும் தகரம் அடியுங்கள், மேலே கூரைக்கும் தகரம். உப்புக்காற்றில் ரெகுலேட்டர் துருப்பிடிக்கும், ரப்பர் டியூப் விரிசல் விடும். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்புக்கு ஆயுள் ஐந்து வருடம், நம் கரையில் அதற்கு முன்பே விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு தெரியும், தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள்.

சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பக்கத்து எண் வருடம். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கேஸ் கசிவுக்கு அவசர எண் 1906, இரவிலும் எடுப்பார்கள்.

யாத்ரிகர்கள் லாட்ஜ் ரூமிலேயே சமைக்கிறார்கள். என்ன செய்ய?

அனுமதிக்காதீர்கள். வாசலிலேயே கேளுங்கள், சமைக்க வேண்டுமென்றால் திறந்தவெளியில் தனியாக ஒரு சமையல் கொட்டடி கட்டிக்கொடுங்கள், அப்போதுதான் ஒளித்து வைத்துச் சமைக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த பெட்டியில், லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரில் சமைக்கப்போய்த் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுபோவது ரயில்வே சட்டம் 1989-இன்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறைக்கு இடமுண்டு.

லாட்ஜ்காரர்கள் பார்க்க வேண்டியது இன்னும் உண்டு. தீர்த்தமாட வந்தவர்களின் மூட்டை முடிச்செல்லாம் நடைவழியிலும் படிக்கட்டிலும்தான் கிடக்கும், அமாவாசை அன்று ஒருவர் நடக்க இடமிருக்காது. மாடிக் கதவையும் பின்வாசலையும் திருட்டுப் பயத்தில் பூட்டுபவர்கள், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாளுக்கு மாறுங்கள். கட்டடம் 18.30 மீட்டருக்கு மேல் என்றால் உயர்மாடிக் கணக்கு, அதற்குத் தீயணைப்புத் துறையின் சான்று தனி. உப்புக்காற்று வயரிங்கைத் தின்றுவிடும், வருடம் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஐஸ் பிளாண்டில் அமோனியா கசிந்தால்?

காற்றுக்கு எதிர்முகமாக அல்லது குறுக்காக ஓட வேண்டும், கசிவு உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அமோனியா வாயு காற்றைவிட லேசு என்று படித்தவர்கள் தரையில் குனிந்தால் போதும் என்பார்கள். திரவமாகப் பீய்ச்சும்போது அது குளிர்ந்து, நம் ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளை மூட்டமாகத் தரையோடுதான் வரும். அதனால் கூரை மேல் ஒரு துணிக்கொடி கட்டி வையுங்கள், இரவிலும் தெரியும்படி விளக்கோடு, காற்று எந்தப் பக்கம் என்று தெருவில் இருப்பவருக்கும் தெரியட்டும்.

நனைத்த துணியை மூக்கில் வைத்தால் வெளியேறும் அந்த ஒரு நிமிடத்துக்கு உதவும், உள்ளே போய் வால்வை மூட உதவாது, அதற்குக் காற்றுச் சிலிண்டரோடு வரும் சுவாசக் கவசம் வேண்டும், அதைப் போட்டுப் பழகிய ஆள் வேண்டும். மூட்டத்தின் மேல் தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சினால் அது அமோனியாவை இழுத்துக்கொள்ளும். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஊற்றினால் இன்னும் வேகமாக ஆவியாகும். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அமோனியா எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மூடிய அறையில் காற்றில் 15 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் பற்றும்.

இறால் பண்ணையில் பிளீச்சிங் பவுடரை எங்கே வைப்பது?

டீசல் ஜெனரேட்டர் ரூமில் மட்டும் வேண்டாம். எண்ணெய் பட்டால் தானே சூடேறிப் பற்றும், ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், ஈரம் பட்டாலும் கெடுதல். தனி அறை, தரையில் பலகை, மூடிய மூட்டை.

கருவேலங்கரி லோடு ஏற்றுகிறோம். அதுக்கும் விதியா?

மூட்டம் (மண் மூடி விறகைக் கரியாக்கும் குவியல்) பிரித்த கரி வெளியே கறுப்பாக இருந்தாலும் நடுவில் கனல் இருக்கும், காற்றுப் பட்டதும் மறுபடி எழும். பிரித்ததைத் திறந்தவெளியில் பரப்பி ஒரு பகல் ஒரு ராத்திரியாவது ஆற விட்டுத்தான் சாக்கில் கட்ட வேண்டும். லாரி சாயல்குடி தாண்டிய பிறகு புகைந்தால் டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது.

தீபாவளிக்குப் பட்டாசுக் கடை போட என்ன தூரம்?

வெடிபொருள் விதிகள் 2008 சொல்வது: தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகை, கடைக்குக் கடை குறைந்தது 3 மீட்டர், வீடு, பள்ளி போன்ற கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், கடைகள் ஒன்றையொன்று பார்த்திருக்கக் கூடாது, ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டுவதும் கூடாது. பந்தல் துணியும் கீற்றும் போட்டு மறைப்பது முதல் விதியிலேயே அடிபட்டுப் போகும்.

எந்தத் தீயணைப்பான் வாங்குவது?

கடைக்கும் படகுக்கும் ஏபிசி பவுடர், 6 கிலோ. மின்சாரப் போர்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு. ஐஎஸ் 15683 முத்திரை பாருங்கள். மாதம் ஒருமுறை அழுத்தமானி முள் பச்சையில் இருக்கிறதா, அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், நம் கரையில் துருதான் முதல் எதிரி. பின்னை இழு, தீயின் அடியில் குறிவை, அழுத்து, பக்கவாட்டில் வீசு. இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும் என்பதால் வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்துத் தட்டுப் போட்டு மூடுங்கள்.

நடுக்கடலில் படகில் பற்றினால்?

எஞ்சினை நிறுத்து, டீசல் வால்வை மூடு, எஞ்சின் ரூம் மூடியைத் திறக்காதே, திறந்தால் காற்றுப் போய்த் தீ எழும்பும். படகைத் திருப்ப முடிந்தால் தீ காற்றுப்போகும் பக்கத்தில் இருக்கும்படி திருப்பி, எல்லோரும் எதிர்ப்பக்கம் லைஃப் ஜாக்கெட் போட்டு நிற்க வேண்டும். விஎச்எஃப் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள், கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

படகில் சமையல் சிலிண்டரை மேல்தளத்தில் கட்டி வைக்க வேண்டும், கீழே அறையில் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் இறங்கி நிற்கும், அங்கிருந்து வெளியேற வழியே கிடையாது. காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற அந்தப் பொறி போதும்.

101-க்குக் கூப்பிட்டால் என்ன சொல்லணும்?

101 அல்லது 112. ஊர், தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா, சிலிண்டரோ அமோனியாவோ ரெசினோ இருக்கிறதா. கடைசியதை மறைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள், வருகிற வீரர்கள் தண்ணீரா பவுடரா என்று முடிவு செய்வது அதை வைத்துத்தான், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். அப்புறம் ஓடத் தெரிந்த பையன் ஒருவனை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள், கடற்கரை மணலில் எது வரைக்கும் கனவண்டி வரும், எங்கே சக்கரம் புதையும் என்று அவன் காட்டட்டும்.